ஆட்டை அடித்தது எது? செத்த உடலைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, உரிகம், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் விடியற்காலையில் பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் ஊரில் முதலில் எழும் பேச்சு 'சிறுத்தை அடிச்சிருச்சு' என்பதுதான். அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், 686 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரிலும் அறிவிக்கப்பட்டன. காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகக் காடு. இவ்வளவு காட்டை ஒட்டி ஆடு மேய்க்கிற ஊர்களில் சிறுத்தை வரத்தான் செய்யும்.

ஆனால் செத்துக் கிடக்கும் ஆடெல்லாம் சிறுத்தை அடித்ததல்ல. பல இடங்களில் அடித்தது ஊர் நாய்க் கூட்டமாக இருக்கும். சில இடங்களில் யாருமே அடித்திருக்க மாட்டார்கள்; ஆடு நோயில் செத்திருக்கும், நாய் பிறகு வந்து தின்றிருக்கும். இந்த மூன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. சிறுத்தை என்றால் மீதியைத் தின்ன இன்று இரவே திரும்பி வரலாம். நாய் என்றால் நாளை பக்கத்துப் பட்டிக்குப் போகும். நோய் என்றால் உங்கள் பட்டியிலேயே அடுத்த ஆடு விழும். அதனால் பயத்தை வைத்து முடிவு கட்டாமல் உடலைப் பார்த்து முடிவு கட்டுங்கள்.

முதல் கால் மணி நேரம்

உடலை இழுத்துப் போடாதீர்கள், கழுவாதீர்கள், திருப்பிக்கூடப் போடாதீர்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பத்தடி தள்ளியே நிறுத்துங்கள். ஊர் கூடி மிதித்துவிட்டால் கால்தடம் என்று ஒன்று மிஞ்சாது. கண்ணில் பட்ட தடத்தின் மேல் இரும்புச் சட்டியையோ பிளாஸ்டிக் கூடையையோ கவிழ்த்து வைத்து, அது நகராமல் கல் வையுங்கள். நாய்களைக் கட்டிப் போடுங்கள். அவை வந்து முகர்ந்து நக்கிவிட்டால் எது யாருடைய பல் என்று பிரிப்பது கஷ்டம்.

கிட்டப் போவதற்கு முன் நின்ற இடத்திலிருந்தே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த, உறையாத ரத்தம் வடிந்திருக்கிறதா? உடம்பில் காயமே இல்லாமல் வயிறு மட்டும் வேகமாக உப்பியிருக்கிறதா? அப்படியானால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைத் தொடக்கூடாது, தோலை உரிக்கக்கூடாது, கறிக்கு வெட்டவே கூடாது. அடைப்பான் மனிதருக்கும் தொற்றும். உடலை அறுத்தால் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.

அப்படி எதுவும் இல்லை என்றால் கையில் உறை போட்டுக்கொண்டு கிட்டப் போகலாம். உறை இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். அடித்தது வெறிநாயாக இருந்தால் எச்சில் பட்ட இடமெல்லாம் ஆபத்துதான்.

படம் எடுக்கும்போது முதலில் உடல் முழுதும் சுற்றுப்புறத்தோடு தெரிகிற மாதிரி தள்ளி நின்று நான்கு பக்கமும் எடுங்கள். பிறகு கழுத்து, பின்னங்கால், வயிறு, காது என்று கிட்டத்தில் எடுங்கள். கிட்டத்துப் படம் ஒவ்வொன்றிலும் காயத்தின் பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. பிறகு யார் படத்தைப் பார்த்தாலும் காயத்தின் அளவைக் கணக்கிட முடியும். கை விரலை வைத்து எடுத்த படம் அளவுக்கு உதவாது, ஆளுக்கு ஆள் விரல் மாறும்.

உயிரோடு இருந்தபோது கடித்ததா, செத்த பிறகு கடித்ததா?

முதலில் தீர வேண்டிய கேள்வி இதுதான். உயிருள்ள உடலைக் கடித்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். அந்த இடத்துத் தசை கருஞ்சிவப்பாக, ஊறினது போல இருக்கும். செத்த உடலைக் கடித்தால் ஓட்டை விழும், சதை கிழியும், ரத்தக்கட்டு இருக்காது. தசை வெளிறியே இருக்கும். மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் கழுத்துத் தோலை விலக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். அதை நீங்களே கத்தி வைத்துச் செய்யாதீர்கள். சான்று கெட்டுவிடும், நோய் இருந்தால் உங்களுக்கும் ஒட்டும்.

வெளியிலிருந்தே தெரிகிற அடையாளங்களும் உண்டு. உயிரோடு பிடிபட்ட ஆடு போராடியிருக்கும். மண் கீறியிருக்கும், புழுக்கை சிதறியிருக்கும், தடுப்பில் முடி ஒட்டியிருக்கும். தானாகச் செத்த ஆடு பெரும்பாலும் ஒரே இடத்தில், கால் நீட்டினபடி கிடக்கும். அதைத் தின்ன வருகிற நாயும் நரியும் மெத்தென்ற இடத்தில்தான் வாய் வைக்கும்: ஆசனவாய், மடி, வயிறு. கண்ணைக் காகம் கொத்தியிருக்கும். கழுத்தில் ஒன்றுமே இல்லாமல் பின்பக்கம் மட்டும் குடைந்திருந்தால் நோயை நினையுங்கள். மழை பெய்து இளம்புல் முளைத்த நாட்களில், நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடந்தால் குடலில் நச்சு பெருகிக் கொல்லும் துள்ளுமாரி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மீதி ஆடுகளுக்குப் போட்டாயிற்றா என்று அன்றைக்கே பாருங்கள்.

கழுத்தைப் படிப்பது

சிறுத்தை ஆட்டைப் பிடிக்கும்போது பெரும்பாலும் தொண்டையைத்தான் கவ்வும். குட்டியாக இருந்தால் பிடரியையும் கவ்வும். கவ்வினால் மூச்சு நிற்கும் வரை விடாது. அதனால் காயம் ஒரே இடத்தில், எண்ணக்கூடிய அளவில் இருக்கும்.

தொண்டையில், குரல்வளைக்கு நேராக முடியை இரண்டு பக்கமும் மெதுவாக விலக்குங்கள். சேலம் கருப்பு இன ஆடாக இருந்தால் கறுப்பு முடியில் ரத்தம் தெரியாது. விரலில் பிசுபிசுப்பு படுகிற இடத்தில் தேடுங்கள். ஒரு பக்கம் இரண்டு ஆழமான ஓட்டை, எதிர்ப்பக்கம் இரண்டு ஓட்டை தெரிய வேண்டும். மேல் தாடையின் கோரைப்பல் இரண்டு, கீழ்த் தாடையுடையது இரண்டு. ஓட்டை உருண்டையாக, ஓரம் கிழியாமல் இருக்கும். ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை அளந்து பாருங்கள். வளர்ந்த சிறுத்தையின் மேல் கோரைப்பற்களுக்கு நடுவே ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. இருக்கும். சாதாரண ஊர் நாய்க்கு 3 முதல் 4 செ.மீ., நரிக்கு 3-க்கும் கீழே. பெரிய நாயின் அளவும் இளம் சிறுத்தையின் அளவும் ஒன்றோடொன்று மோதும் என்பதால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தோல் இழுபட்டு நகரும் என்பதால், தோலின் மேல் அளந்ததைவிட உள்தசையில் மருத்துவர் அளப்பதே சரியான அளவு.

தோள், விலா, பிட்டம் ஆகிய இடங்களில் இணையாக ஓடுகிற நகக்கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூனை இனம் நகத்தால் பிடித்து இழுக்கும். நாய் இனம் வாயால் மட்டும்தான் பிடிக்கும்.

'ரத்தத்தைக் குடிச்சிட்டு உடம்பை விட்டுட்டுப் போயிருச்சு' என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். சிறுத்தை ரத்தம் குடிப்பதில்லை. மூச்சை அடைத்துக் கொல்வதால் ரத்தம் வெளியே கொட்டாமல் தோலுக்கு அடியிலேயே கட்டிவிடுகிறது. வெளியே நான்கு ஓட்டையும் சில சொட்டும்தான் தெரியும். தின்னாமல் போனதற்கும் காரணம் சாதாரணமானது: ஆள் சத்தம் கேட்டிருக்கும், அல்லது வெளியே தூக்கிக்கொண்டு போக வழி இருந்திருக்காது.

நாய் அடித்த ஆடு இதற்கு நேர்மாறு. பின்னங்கால், தொடை, வால், காது, விலா என்று கடி பரவிக் கிடக்கும். ஓடுகிற ஆட்டைத் துரத்தித் துரத்திக் கடிப்பதால் தோல் நார் நாராகக் கிழிந்திருக்கும். நான்கைந்து ஆடுகள் கடிபட்டு உயிரோடு நொண்டிக்கொண்டிருக்கும். நிறையக் கடித்து, கொஞ்சமே தின்றிருந்தால் நாயை நினையுங்கள். ஆனால் ஒரே இரவில் பல ஆடு செத்தது என்பதை மட்டும் நாய்க்குச் சாட்சியாக எடுக்க முடியாது. அடைத்த பட்டிக்குள் இறங்கின சிறுத்தையும், ஆடுகள் ஓட வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தால் ஒன்றுக்கு மேல் கொல்லும். அப்போது ஒவ்வொரு உடலிலும் அதே தொண்டைக் கடி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நரி பிறந்த குட்டியையும் நோஞ்சானையும்தான் தொடும், பெரிய வெள்ளாட்டிடம் வராது. செந்நாய் கூட்டமாகப் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். பின்பக்கத்திலிருந்தும் வயிற்றிலிருந்தும் கிழித்துத் தின்று கொஞ்ச நேரத்தில் எலும்பும் தோலும் ஆக்கிவிடும். அடர்காட்டை ஒட்டி மேய்க்கும்போதுதான் அதை நினைக்க வேண்டும். கழுதைப்புலி பெரும்பாலும் செத்ததைத் தேடி வருவது. தொடை எலும்பையே உடைத்து நொறுக்கியிருக்கும். குட்டி காணவில்லை, ரத்தமும் இல்லை, இழுத்த தடமும் இல்லை என்றால் பக்கத்துப் புதரிலும் பாறை இடுக்கிலும் மலைப்பாம்பு அசையாமல் கிடக்கிறதா என்று தடியோடு தள்ளி நின்று பாருங்கள்.

இழுத்த தடமும் கால்தடமும்

சிறுத்தை அடித்த இடத்திலேயே தின்பது குறைவு. புதருக்கோ, ஓடைப் பள்ளத்துக்கோ, பாறை மறைவுக்கோ இழுத்துக்கொண்டு போகும்; சில நேரம் மரத்திலும் ஏற்றிவிடும். சின்ன ஆட்டைக் கவ்வித் தூக்கியே போவதால் தொடர்ந்த கோடு இருக்காது. அங்கங்கே குளம்பு உரசின கீற்றும் முடியும் மட்டும் கிடைக்கும். இந்தத் தடத்தைத் தனியாளாகப் பின்தொடர்ந்து புதருக்குள் போகாதீர்கள். பகலில் சிறுத்தை இரையின் பக்கத்திலேயே படுத்திருக்கலாம். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் விடியற்காலையில் யானையும் அதே பாதையில் நிற்கும், கேழ்வரகு முற்றுகிற மாதங்களில் இன்னும் அதிகம். தடம் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு வனத்துறை ஆட்கள் வந்ததும் சேர்ந்து போங்கள்.

கால்தடத்தைத் தேட நல்ல இடங்கள் மூன்று: வண்டிப்பாதைப் புழுதி, ஓடை மணல், தண்ணீர் பாய்ச்சின வயலின் வரப்பு. சிறுத்தைத் தடம் ஏறக்குறைய உருண்டையாக, 7 முதல் 9 செ.மீ. அகலத்தில் இருக்கும். நான்கு விரல் பதிந்திருக்கும், நகம் பதியாது. உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகப் பிரிந்திருக்கும். நாயின் தடம் நீள்வட்டம். நடு விரல் இரண்டும் முன்னால் நீட்டியிருக்கும், அவற்றின் நுனியில் நகப் புள்ளி தெரியும். சேற்றில் பதிந்த எந்தத் தடமும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். வழுக்கினால் சிறுத்தையின் நகமும் பதியும். அதனால் ஒரே தடத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் நான்கைந்து தடத்தை அளங்கள். அகலம் 12 செ.மீ.க்கு மேல் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது சிறுத்தையின் அளவல்ல. உடனே வனச்சரகருக்குச் சொல்லுங்கள். நம் பேச்சில் சிறுத்தையையும் புலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புகார் எழுதும்போது பார்த்ததை மட்டும், அளவோடு எழுதுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில் சொல்வது

அன்றைக்கே உங்கள் பகுதி வனக்காப்பாளர் அல்லது வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அடுத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு. இரண்டு பேரும் பார்க்கும் வரை உடலைப் புதைக்கக்கூடாது. தாமதமானால் வெயிலில் உடல் ஊதி வெடித்துவிடும், கழுத்துக் காயம் அழுகிப் போகும், பிறகு மருத்துவராலும் உறுதியாக எழுத முடியாது. வனத்துறையிடம் இழப்பீடு கேட்கும் விண்ணப்பங்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான். உடலின் மேல் ஈரச்சாக்கும் தழையும் போட்டு நிழல் கட்டுங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுவாகத் தேவைப்படுவது: கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று, நாணயம் வைத்து எடுத்த படங்கள், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் சில சமயம் கேட்பார்கள். சம்பவம் நடந்த இடம் பட்டா நிலமா, புறம்போக்கா, காப்புக்காடா என்பதைச் சரியாக எழுதுங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் மேய்த்தபோது அடிபட்டால் இழப்பீடு கிடைப்பது கஷ்டம். அதற்காக உடலைத் தூக்கிவந்து வயலில் போடுகிறவர்கள் உண்டு. இழுத்த தடமும் ரத்தமும் இல்லாத இடத்தில் கிடக்கிற உடலை எந்த வனக்காப்பாளரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அடித்தது நாய் என்று சான்று வந்தால் வனத்துறை இழப்பீடு பொருந்தாது. ஊராட்சி அலுவலகத்தில் நிவாரணம் பற்றிக் கேட்டு, தெருநாய்ப் பிரச்சினையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

வனத்துறை தானியங்கிக் கேமரா வைக்கக் கேட்டால் உடலை அங்கேயே விட்டுவிடுங்கள். இல்லையென்றால், அனுமதி கிடைத்ததும் அன்று மாலைக்குள் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். ஓடையில் வீசினால் அதே விலங்குக்கு அதே இடத்தில் மறுபடி விருந்து வைத்த கணக்குதான்.

கடிபட்டுப் பிழைத்த ஆடு

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பல் இறங்கின ஓட்டை வெளியே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். அதை வீட்டில் தைக்கவோ மஞ்சள் அப்பி மூடவோ கூடாது, உள்ளே சீழ் கட்டிவிடும். ஈ உட்கார்ந்து புழு வைக்காமல் இருக்கக் காயத்தின் ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவலாம். கடித்தது நாயோ நரியோ என்ற சந்தேகம் இருந்தால் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்: கடித்த நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்து 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில். முதல் ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அந்த ஆட்டின் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம். கழுவினவர் கையில் கீறல் இருந்தால் அவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

பட்டியை எப்படி மாற்றுவது

அடித்தது நாயோ நரியோ என்றால் கவனம் தரையில் இருக்க வேண்டும். கம்பி வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கிப் புதைத்து, வெளிப்பக்கம் கருங்கல் அடுக்குங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட விடாதீர்கள்.

சிறுத்தை என்றால் கூரைதான் முக்கியம். ஆறடி முள்வேலியோ, எட்டடி சுவரோ அதற்குத் தடையே இல்லை. நின்ற இடத்திலிருந்து பத்தடி வரை எழும்பக்கூடியது. மேலே திறந்த பட்டிக்குச் சுவரை உயர்த்திக்கொண்டே போவது பணத்துக்குக் கேடு. ஒரு ஆட்டுக்குப் பத்து சதுர அடி என்று கணக்கிட்டால் இருபது ஆட்டுக்குப் பத்துக்கு இருபதடி போதும். அந்த இடத்தை மட்டும் நான்கு பக்கமும் மேலேயும் கம்பி வலையால் மூடுங்கள். வலைக்கண் இரண்டங்குலத்துக்கு மிகக்கூடாது. பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே கை விட்டு ஆட்டைப் பிடித்துக் கிழிக்கும். மூங்கில் கழியும் தென்னங்கீற்றும் வேய்ந்த கூரையைப் பிரித்து இறங்கிவிடும் என்பதால் கீற்றுக்கு அடியில் வலை ஓட வேண்டும். வலையைச் சட்டத்தில் கட்டும்போது முடிச்சுகளை ஓரடிக்கு ஒன்றாகப் போடுங்கள். வலை அறுந்து நுழைவதைவிட, தளர்ந்த முடிச்சில் விலக்கி நுழைவதே அதிகம். கதவுக்கு வெறும் கொண்டி போதாது, பூட்டோ முறுக்குக் கம்பியோ போடுங்கள்.

பட்டியைச் சுற்றி முப்பதடிக்கு உண்ணிச்செடியையும் வேலிகாத்தானையும் வெட்டிவிடுங்கள். சிறுத்தை மறைந்து மறைந்துதான் கிட்டே வரும், வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். இரவு விளக்கு உதவும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி எரிகிற விளக்குக்குச் சில வாரத்தில் பழகிவிடும், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கோழிக்கழிவையும் கறிக்கடைக் கழிவையும் ஊர் ஓரத்தில் கொட்டுவதை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பெரிய பயனில்லை. கழிவுக்கு நாய் பெருகும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். காவல் நாயையும் இரவில் சங்கிலியில் வெளியே கட்டாதீர்கள், ஓட முடியாத நாய்தான் முதலில் போகும்.

கோபத்தில் செத்த ஆட்டின் மேல் குருணை மருந்தை (குருணையாக வரும் பூச்சிக்கொல்லி விஷம்) தூவி வைப்பதும், சுருக்குக் கம்பி கட்டுவதும், அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பதும், வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதும் இந்தப் பக்கத்தில் நடக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதைவிட, விஷம் யாரையும் பிரித்துப் பார்க்காது. அந்த உடலைத் தின்கிற கழுகும் நரியும் பக்கத்து வீட்டு நாயும் சாகும். மருந்து மழைத் தண்ணீரில் கரைந்து ஆடு குடிக்கிற குட்டைக்கே வந்து சேரும். காட்டோரத்தில் சிறுத்தை அடித்த புள்ளிமான் கிடந்தாலும் அதைக் கறிக்கு எடுக்காதீர்கள். சட்டப்படி அதுவும் குற்றம். மான் இரை போனால் அந்தச் சிறுத்தைக்கு அடுத்த இரவு இன்னொன்று வேண்டும், காட்டோரத்தில் அதற்கு எளிதாகக் கிடைப்பது உங்கள் பட்டிதான்.

மேய்ச்சலில் ஒரு மாற்றம் மட்டும் உடனே செய்யலாம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மந்தையைத் திருப்பி, எண்ணி அடையுங்கள். ஓடைப் பள்ளத்தையும் கரட்டுச் சரிவையும் கடக்கும்போது ஆடுகளைச் சிதறவிடாமல் சேர்த்து ஓட்டுங்கள். ஆள் ஒருவர் முன்னால் இருந்தால் இன்னொருவர் கடைசியில் வரட்டும். பின்தங்கின சினையாட்டையும் குட்டியையும்தான் சிறுத்தை பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் இருட்டில் தேடப் போகாமல், கடைசியாக அதைப் பார்த்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு விடிந்து வெளிச்சம் வந்த பிறகு இரண்டு மூன்று பேராகப் போங்கள்.